பதிவுப் பெயரில் வந்த சதைத்துண்டு

எனக்கு இரண்டு பெயர். எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. பிறந்த நட்சத்திரத்துக்கும் எண்ணுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு நீளமான பெயரைத் தேடிப் பிறப்புப் பதிவில் போடுவார்கள். போட்ட கையோடு அதை மறந்துவிட்டு, வீட்டில் வாய்க்கு லேசான வேறொன்றைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். என் பதிவுப் பெயர் அடையாள அட்டையிலும் சம்பளச் சீட்டிலும் கலியாணப் பதிவிலும் மட்டும்தான் இருக்கிறது. அதை எழுத வேண்டி வந்தால் என் கணவர்கூடப் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் யோசிப்பார். நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் மூத்தவர்கள் வீட்டுப் பெயரைச் சொல்வார்கள், இளையவர்கள் அக்கா என்பார்கள். இரண்டு பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் இரண்டு பெயர் இருந்ததால் நான் பட்ட பாட்டை எழுதத்தான் வேண்டும். நடந்து இரண்டு வருடமாகிறது. சுகமாக இருக்கிறேன். இப்போது சிரித்துக்கொண்டு சொல்லலாம்.

என் வேலை சதை வெட்டுவது. இறைச்சிக்கடை என்று என் கணவர் பகிடி விடுவார். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த துண்டை மருந்துகளில் ஊறவைத்து, மெழுகில் புதைத்துச் சின்னக் கட்டையாக்குவோம். அதைக் கையால் சுற்றுகிற சக்கரச் சில்லுள்ள ஒரு பொறியில் பூட்டி, தலைமயிரின் பதினைந்தில் ஒரு பங்கு தடிப்பில் சீவுவேன். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக வரும். நாடாவை இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயம் போட்டு டொக்டரிடம் கொடுப்பேன். நுணுக்குக்காட்டியில் வைத்தால் கலங்களின், அதாவது உயிரணுக்களின், கரு ஊதாவாகவும் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். அதை வாசித்து இன்ன வருத்தம் என்று சொல்வது டொக்டரின் வேலை. சுருக்கமில்லாமல், கத்திக் கீறல் இல்லாமல் கொடுப்பது என் வேலை. இருபத்தெட்டு வருடமாகச் செய்கிறேன். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மற்றவர்கள் வெட்டிய தகட்டைப் பார்த்தால் முகத்தைச் சுளிக்காமல் இருக்க எனக்கு வராது.

இத்தனை பெண்களின் மார்புத் துண்டுகளை வெட்டிய நான் என் மார்பைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. கட்டியில்லை, நோவில்லை, பிறகென்ன என்று இருந்தேன். படமெடுக்கும் பகுதியில் வேலை செய்கிற ஒருத்தி என் கூட்டாளி. என்னைவிடப் பத்து வயது இளையவள். காலைத் தேத்தண்ணீர் எங்களுக்கு ஒன்றாகத்தான். நான் ஐம்பதைத் தாண்டிய நாளிலிருந்து மமோகிராம் என்கிற மார்புப் படம் எடுக்க வரச்சொல்லி நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்குக் கட்டி ஒண்டும் இல்லையடி" என்பேன்.

"கட்டி வந்தாப் பிறகு வாறதெண்டால் என்ரை மெசின் என்னத்துக்கு? கையிலை தட்டுப்பட முந்தியே படத்திலை தெரியும் அக்கா. ஒருக்கால் வாங்கோ."

நான்கு வருடம் தப்பிக்கொண்டு திரிந்தேன். ஐம்பத்து நான்காவது வயதில், ஒரு நாள் அவளுடைய வாயை மூடுவதற்காக, வெள்ளிக்கிழமை வாறன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை மானிப்பாயில் எங்கள் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் பஸ் ஏறினேன். ஐயர் கை நிறைய விபூதி தந்தார். நெற்றிக்குப் பூசினது போக மிஞ்சியதைக் கீழே கொட்டக் கூடாது என்று பழகியவள் நான். தொண்டையில் பூசுவேன், கைகளில் பூசுவேன். அன்றைக்குத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, ஒருவரும் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, மிச்சத்தைச் சட்டைக்குள் கைவிட்டு இரண்டு பக்கமும் பூசினேன். எனக்குப் பயமில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் செய்த வேலை அது.

படமெடுக்கும் அறையில் கூட்டாளி தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "பவுடர், கிறீம், கமக்கட்டுக்குப் பூசுற வாசனைச் சாமான், ஏதும் போட்டீங்களோ?"

"ஒண்டும் போடேல்லை" என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

அந்த மெசினைப் பற்றிப் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆண்களுக்குச் சொன்னால் விளங்காது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து நெரித்து, மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பிறகு மற்றப் பக்கம். அவளை வாய்க்குள் திட்டிக்கொண்டே நின்றேன். எடுத்து முடித்ததும் திரைக்கு முன்னால் போய் இருந்தவள் திரும்பவில்லை.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. பவுடர் போட்டனீங்களோ?"

"இல்லையெண்டு சொன்னனானெல்லே."

"அப்ப இதென்ன?"

போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும், கை தவறி அரிசிமாவைக் கொட்டிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள். நெரிந்து சிவந்திருந்த என் நெஞ்சைக் குனிந்து பார்த்தாள். மடிப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இருந்தது.

"உதென்ன?"

"உது விபூதி."

"பின்னை?"

"விபூதி பவுடரோடி?"

அவள் தலையில் கை வைத்தாள். படத்துக்குச் சாமி தெரியாது அக்கா, சாம்பல்தான் தெரியும் என்றாள். விபூதியிலும் சுண்ணாம்புச் சத்து இருக்கிறதாம், சுண்ணாம்பு எங்கே இருந்தாலும் படத்தில் வெள்ளையாக விழுமாம். ஈரப் பஞ்சால் என்னைத் தேய்த்துத் துடைத்தாள். நான் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுபடி நெரித்தாள், மறுபடி படமெடுத்தாள். மாவெல்லாம் போய்விட்டது. இருவரும் சிரித்தோம். இதைத் தேத்தண்ணீர் நேரத்தில் ஒரு மாதத்துக்குச் சொல்லலாம் என்றாள். சொல்லிக்கொண்டே படத்தைப் பெரிதாக்கியவள் சிரிப்பை நிறுத்தினாள்.

இடது பக்கத்தில் ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் போகாமல் நின்றன.

வயது போனால் மார்பில் வெள்ளைப் புள்ளிகள் வருவது வழமை. அவை உருண்டையாக, அங்கொன்று இங்கொன்றாகக் கிடக்கும். அவற்றை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. இவை அப்படியில்லை. உடைந்த குறுணல் போல மிகச் சிறியவை, ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஒரே இடத்தில் வரிசையாக நின்றன. வரிசை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. பால் குழாய் எந்த வழியால் போகுமோ அந்த வழியால் அவை போயிருந்தன.

"இது தோலிலை இல்லை அக்கா. உள்ளுக்கை" என்றாள்.

அவள் மேற்கொண்டு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பால் குழாய்க்குள் கெட்ட கலங்கள் பெருகி நெரிசலாகும்போது நடுவில் இருப்பவை செத்துப்போகும், செத்த இடத்தில் சுண்ணாம்பு படியும். அந்தச் சுண்ணாம்பை நான் எத்தனையோ தரம் என் கத்தியில் அனுபவித்திருக்கிறேன். பார்க்க வேண்டியது ஒன்றுதான். கெட்ட கலங்கள் குழாயின் சுவருக்குள்ளேயே நிற்கின்றனவா, சுவரைத் தாண்டி வெளியே இறங்கிவிட்டனவா. உள்ளே நின்றால் வெட்டி எடுத்துவிட்டுப் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். வெளியே இறங்கினால் அவை கமக்கட்டுக்கும் போகலாம், அதற்கப்பாலும் போகலாம். படத்தால் அதைச் சொல்ல முடியாது. நுணுக்குக்காட்டிதான் சொல்ல வேண்டும். அதாவது, முதலில் யாரோ வெட்ட வேண்டும்.

எங்கள் சனம் இந்த வருத்தத்தின் பெயரைச் சொல்லாது. அந்த வருத்தம் என்று குரலைத் தாழ்த்தும். எனக்கு வருத்தத்தைவிட அந்தத் தாழ்ந்த குரலில்தான் வெறுப்பு. ஆஸ்பத்திரியில் தெரிந்தால் அடுத்த நாளே தோடம்பழமும் பால்மா ரின்னும் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்து என் நெஞ்சைப் பார்க்காத மாதிரிப் பார்ப்பார்கள். கூட்டாளியிடம் சத்தியம் வாங்கினேன். கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் இளைப்பாறிய கிராம சேவையாளர். எதையும் எழுத்தில் கண்டால்தான் நம்புவார். நான் சொன்ன முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தாண்டிட்டுதோ, இல்லையோ?"

"எடுத்துப் பாத்தால்தான் தெரியும்."

அன்றிரவு சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவருடைய முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. குசினிக்குள் போய் அழுதேன்.

கையில் தட்டுப்படாத ஒன்றை வெட்டி எடுப்பதென்றால் இடம் தெரிய வேண்டுமே. படத்தைப் பார்த்துப் பார்த்து அந்தப் புள்ளிகள் வரைக்கும் ஒரு மெல்லிய கம்பியைச் செருகினார்கள். கம்பியின் வழியே போய் சத்திரசிகிச்சை டொக்டர் அந்தப் பகுதியை எடுத்தார். எடுத்த துண்டையும் உடனே படம் பிடித்து, புள்ளிகள் முழுக்க அதற்குள் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். இருந்தன. துண்டு என் பதிவுப் பெயருடன் ஒரு போத்தலில் எங்கள் ஆய்வுகூடத்துக்குப் போயிற்று. அடையாள அட்டையில் உள்ள பெயரைத்தானே எழுதுவார்கள். வாட்டில் என்னைத் தெரிந்தவர்கள் இல்லை, ஆய்வுகூடத்தில் அந்தப் பெயரைத் தெரிந்தவர்கள் இல்லை.

எனக்கு இரண்டு கிழமை, பதினான்கு நாள், லீவு தந்தார்கள். வீட்டில் இருந்து யோசித்தேன். எங்கள் ஆய்வுகூடத்தில் வெட்டுகிறவர்கள் இரண்டே பேர். மற்றப் பிள்ளை பிரசவ லீவில் நின்றாள். அவளுக்குப் பதிலாக வேறு பகுதியிலிருந்து வந்தவருக்குச் சுருக்கமில்லாமல் ஒரு தகடு ஏந்தத் தெரியாது. சுண்ணாம்பு உள்ள கட்டையென்றால் கேட்கவே வேண்டாம், கிழித்துத்தான் தருவார். ஆறாம் நாள் காலை நெஞ்சில் தையலோடு சேலையைக் கட்டினேன்.

"இஞ்சாரும், ரெண்டு கிழமை வீட்டிலை நிக்கச் சொல்லியெல்லே லீவு தந்தவை" என்றார் கணவர்.

"வேலை கிடக்கு."

"ஆர் வெட்டினால் என்ன?"

"அந்தத் துண்டை வேறை ஆரும் நாசமாக்க நான் விடமாட்டன்."

அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பு வரைக்கும் வந்தார்.

ஆய்வுகூடத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன் ஒரு புது டொக்டர் வந்திருந்தார். சின்ன வயது. கெட்டிக்காரி. எங்கள் ஊர்ப் பிள்ளைதான், வெளியில் படித்துவிட்டு வந்தவர். என்னைக் கண்டதும் சந்தோசப்பட்டார். "சுகமே அக்கா? என்ன பிரச்சினை?" என்று கேட்டார். வயிற்றுக்குள் சின்னக் குழப்பம், இப்ப சுகம் என்றேன். இதுதான் நான் அவருக்குச் சொன்ன ஒரே பொய். என் துண்டைப் பிரித்து மெழுகில் புதைத்த கட்டைகள் ஒன்பதும் தட்டில் காத்திருந்தன. கூட வந்த படிவத்தில் அந்த நீளப் பெயரும் வயதும் எழுதியிருந்தது. புது டொக்டருக்கு அது யாரோ ஒரு மனிசி.

கட்டைகளைப் பனிக்கட்டியில் வைத்துக் குளிர்த்தி, ஒவ்வொன்றாகப் பூட்டினேன். இடது பக்கம் இழுத்தது. நல்ல காலம், சில்லைச் சுற்றுவது வலக்கை. என் சதையை நானே வெட்டுகிறேன் என்று பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. நாடா நேராக வருகிறதா என்றுதான் கண் போயிற்று. நான்கு கட்டைகள் வெண்ணெய் மாதிரி வந்தன. ஐந்தாவதில் கத்தி கிறுக்கென்று சத்தம் போட்டது. நாடாவின் நடுவே நீளமாக ஒரு கீறல் விழுந்தது. படத்தில் வெள்ளையாக நின்றது இப்போது கைக்கு மணலாகத் தட்டுப்பட்டது. சனியனே என்று திட்டினேன். மறுபடி குளிர்த்தி, கத்தியின் புது இடத்துக்கு மாற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினேன். நல்ல சீவல் ஒன்று வந்தது.

சாயம் போட்டு முடித்ததும் என் வேலைக்கு வெளியே ஒரு காரியம் செய்தேன். சுருக்கம் இருக்கிறதா என்று பார்க்கிற சாட்டில், என் மேசையில் இருக்கும் பழைய நுணுக்குக்காட்டியில் ஐந்தாம் தகட்டை வைத்து உற்றுப் பார்த்தேன். நல்ல குழாயென்றால் ஓரத்தில் இரண்டு வரிசைக் கலங்கள் இருக்கும், நடுவில் வெறும் வெளி. இங்கே அந்த வெறும் வெளியைக் காணவில்லை. குழாய் முழுக்கக் கலங்கள் திணித்திருந்தன, நடுவில் செத்த குப்பையும் கரும் ஊதாவில் சுண்ணாம்பும். பெரும்பாலான குழாய்களுக்கு ஓரம் வட்டமாக, சுத்தமாக இருந்தது. ஒன்றே ஒன்றில் ஒரு பக்கத்து ஓரம் மங்கியிருந்தது. உள்ளே எது, வெளியே எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. தகட்டை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

அடுத்த நாள் காலை டொக்டர் அந்தத் தகட்டோடு என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, உந்த அஞ்சாம் கட்டையை இன்னும் ஆழத்துக்கு வெட்டித் தாங்கோ. ஒரு குழாயின்ரை சுவர் ஒரு இடத்திலை சரியாத் தெரியேல்லை. மண்ணிறச் சாயமும் போடுவம்."

"தாண்டிட்டுது எண்டு நினைக்கிறீங்களோ?" என்று கேட்டேன். இருபத்தாறு வருடத்தில் எந்த டொக்டரிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை.

"தெரியேல்லை அக்கா. அதுதான் கேக்கிறன். கட்டி ஒண்டுமில்லாமல் படத்திலை மட்டும் பிடிபட்ட மனிசி. தாண்டாமல் இருந்தால் நல்ல காலம்."

அந்த மனிசி ஓம் என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்து கட்டையை எடுத்தாள்.

மண்ணிறச் சாயம் என்பது சந்தேகமான கட்டைகளுக்கு மட்டும் பாவிக்கிற சாயம். பால் குழாயைச் சுற்றி ஒரு மெல்லிய வரிசைக் கலங்கள் காவல் நிற்கும். அவற்றை மட்டும் அது மண்ணிறமாக்கும். மண்ணிற வளையம் அறாமல் இருந்தால் கெட்டவை உள்ளேதான். வளையம் அறுந்து, அவ்வழியால் கலங்கள் வெளியே இறங்கியிருந்தால் தாண்டிவிட்டன என்று பொருள். கட்டையை மறுபடி பூட்டினேன். வெட்டிய சீவல் திரும்ப வராது, கட்டை தேய்ந்துகொண்டே போகும். இதோடு நிறுத்தி, கட்டை முடிந்துபோச்சு டொக்டர் என்று சொன்னால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. சந்தேகத்தோடேயே இருந்துவிடலாமே. அந்த நினைப்பில் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. வேறொருத்தியின் கட்டையென்றால் இப்படி யோசிப்பேனா? சில்லைச் சுற்றினேன். சுண்ணாம்பு இருந்த இடம் தாண்டிவிட்டது போல, கத்தி சத்தம் போடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான நாடா நான் வெட்டியதில்லை.

அந்தச் சாயத்துக்கு ஐந்தாறு மணித்தியாலம் பிடிக்கும். மத்தியானம் சாப்பிடவில்லை. கூட்டாளி இரண்டு தரம் வந்து கதவடியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தகடுகளை டொக்டரின் மேசையில் வைத்துவிட்டு வந்தபோது மூன்று மணி இருக்கும். என் கதிரையில் இருந்து, கழுவிய கண்ணாடிகளையே திரும்பவும் கழுவினேன்.

"அக்கா, ஒருக்கால் வாங்கோ" என்று உள்ளேயிருந்து டொக்டர் கூப்பிட்டார்.

போனேன். அவர் நுணுக்குக்காட்டியில் இருந்து நிமிர்ந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்ன வடிவா வெட்டியிருக்கிறியள். வளையம் ஒரு இடத்திலையும் அறேல்லை. நான் சந்தேகப்பட்ட இடத்திலை சுவரைச் சுத்தி அழற்சிதான் இருக்கு, வேறை ஒண்டுமில்லை. எல்லாம் குழாய்க்குள்ளைதான். வெட்டின விளிம்புகளும் சுத்தம். கொஞ்ச நாள் கதிர்ச் சிகிச்சை குடுத்தால் போதும். உந்த மனிசி தப்பிட்டா அக்கா."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சுக்குள் இருந்து ஏதோ பெரிதாக இறங்கிப்போன மாதிரி இருந்தது. சத்தமாகச் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது.

"ரிப்போட்டை இண்டைக்கே அனுப்புவம்" என்றார் டொக்டர். "பாவம், அவ எங்கை இருந்து பதறிக்கொண்டு இருக்கிறாவோ."

"இஞ்சைதான் நிக்கிறா டொக்டர்."

"வந்திட்டாவோ?" அவர் எழும்பிக் கதவடிக்குப் போய் விறாந்தையை இரண்டு பக்கமும் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"நான்தான்" என்றேன்.

அவர் படிவத்தை எடுத்து அந்த நீளப் பெயரை வாசித்தார். என் முகத்தைப் பார்த்தார். என் கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, சிரித்துக்கொண்டும் நின்றேன். பிறகு அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, அந்தத் தகட்டை மறுபடி நுணுக்குக்காட்டியில் வைத்து, ஒரு ஓரத்தில் தொடங்கி மற்ற ஓரம் வரைக்கும், ஒரு குழாயையும் விடாமல் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அவர் நிமிராமலே என் கையைத் தேடிப் பிடித்தார்.

"ஓம் அக்கா" என்றார். "தாண்டேல்லை."